குன்றின்மேல் விட்டுவைத்த கோயில்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், எஸ்க் ஆறு வடகடலில் விழும் இடத்தில், விட்பி என்ற சிறிய துறைமுக ஊர் இருக்கிறது. வீடுகளும் கடைகளும் படகுத்துறையும் ஆற்றின் இரு கரையிலும் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்க, ஊரின் பங்குக் கோயிலான புனித மரியாள் ஆலயம் மட்டும் கிழக்குப் பாறைமுகட்டில் கடற்காற்றுக்கு முகம் கொடுத்துத் தனியே நிற்கிறது. கீழிருந்து போக 199 கற்படிகள் ஏற வேண்டும். ஏறிப்போனவருக்கு உள்ளே இன்னொரு வியப்பு காத்திருக்கும். வெளியே பார்த்தால் குட்டைக் கோபுரமும் தடித்த சுவருமாக 12ஆம் நூற்றாண்டு நார்மன் கட்டடம். உள்ளே நுழைந்தால் பழைய நாடகக் கொட்டகைபோல மாடத்துக்கு மேல் மாடம், கதவு வைத்த பெட்டி இருக்கைகள், நடுவே மூன்றடுக்குப் பிரசங்க மேடை. கோயிலை ஏன் இவ்வளவு சிரமமான இடத்தில் கட்டினார்கள், ஒன்பது நூற்றாண்டுகளில் ஏன் அதைக் கீழே இறக்கவில்லை என்பது ஒரு கேள்வி. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆயிரக்கணக்கான கோயில்களில் இத்தகைய மரவேலைகள் பிடுங்கி எறியப்பட்டபோது இது எப்படித் தப்பியது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பக்திதான் காரணம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். சான்றுகளை அடுக்கிப் பார்த்தால் உடைமைதான் காரணமாகத் தெரிகிறது. முதலில் நிலத்தின் உடைமை, பிறகு இருக்கையின் உடைமை. கடைசியில், உடைமையாளர்களே வேறிடம் பார்த்துக்கொண்டதால் ஆலயம் தொடப்படாமல் தங்கிவிட்டது.

மலை என்றாலே தெய்வம் குடியிருக்கும் இடம் என்று பழகிய நமக்கு, அந்தக் குன்று புனிதமானது என்ற விடை எளிதில் பிடித்துவிடும். விட்பிக்கு அதற்கான வரலாறும் இல்லாமல் இல்லை. நார்த்தம்பிரியாவின் அரசர் ஆஸ்வியு 657இல் இந்த முகட்டில் ஒரு துறவு மடத்துக்கு வழிசெய்தார். ஆண்களும் பெண்களும் இருந்த அந்த மடத்துக்கு அரசகுலப் பெண்ணான ஹில்டா தலைவி. ஈஸ்டர் நாளைக் கணிப்பதில் அயோனாத் தீவின் துறவிகளைப் பின்பற்றுவதா, ரோமைப் பின்பற்றுவதா என்ற வழக்கு 664இல் இங்கே கூடிய மன்றத்தில்தான் ரோமுக்குச் சாதகமாகத் தீர்ந்தது. ஆங்கிலத்தில் பெயர் தெரிந்த முதல் கவிஞரான கேட்மன், மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர், பாடத் தொடங்கியதும் ஹில்டாவின் மடத்தில்தான் என்று வரலாற்றாசிரியர் பீட் எழுதிவைத்திருக்கிறார். இவ்வளவு பெருமையும் இன்றைய ஆலயத்துக்கு நேரடியாக வந்து சேர்ந்ததல்ல. 9ஆம் நூற்றாண்டில் டேனியர் தாக்குதலில் மடம் அழிந்து, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முகட்டில் மடம் என்று ஒன்று இல்லை. நார்மன் படைவீரனாக இருந்து துறவியான ரெயின்ஃப்ரிட் 1070களில் திரும்ப வந்து மடம் கட்ட முனைந்தபோது, நிலம் கொடுத்தவர் வில்லியம் டி பெர்சி என்ற நார்மன் பிரபு. ஹில்டாவின் பெயர் ரெயின்ஃப்ரிடை இழுத்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இழுக்கப்பட்டது மடம். பங்குக் கோயில் அதன் பின்னால் வந்தது. 1110 வாக்கில் மடத்தார் தங்கள் பெருங்கோயிலுக்கு வெளியே ஊராருக்கென்று தனியாகக் கட்டியதுதான் மரியாள் ஆலயம். துறவிகள் இரவும் பகலும் வேளை தவறாமல் செபிக்கும் இடத்தில் திருமணமும் ஞானஸ்நானமும் சாவு மணியும் இடையூறு என்பதால், பெரிய மடங்கள் பலவற்றின் பக்கத்தில் இப்படி ஒரு பங்குக் கோயில் எழுந்தது. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தின் நிழலில் நிற்கும் புனித மார்கரெட் ஆலயம் அதே வகை. ஊரும் துறைமுகமும் சுற்றியுள்ள வயலும் மடத்துக்குச் சொந்தம். குடிகள் நிலக்கிழாரின் வாசலுக்கு ஏறி வந்தார்கள் என்று சொன்னால் கொஞ்சம் கடுமையாகத் தோன்றலாம், உண்மைக்குத் தூரமில்லை.

எட்டாம் ஹென்றி 1539இல் மடத்தைக் கலைத்துவிட்டாரே, அதற்குப் பிறகு கோயில் ஏன் மேலேயே இருந்தது என்று கேட்பது நியாயம். நிலக்கிழார் போகவில்லை, மாறினார் என்பதே பதில். மடத்தின் நிலம் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் சம்லி குடும்பத்தின் கைக்கு வந்தது. துறவிகள் இருந்த இடத்தை ஒட்டியே அவர்கள் மாளிகை எழுப்பிக்கொண்டார்கள். ஊரின் முதல் குடும்பத்துக்குக் கோயில் வீட்டு வாசலில் இருந்தது. படியேறுவது மற்றவர்கள் பாடு. இன்னொரு காரணம் ஊருக்கு வெளியே இருக்கிறது. விட்பி பங்கு என்பது துறைமுகத் தெருக்கள் மட்டும் அன்று. ஹாஸ்கர், ஸ்டெயின்சேக்கர், ரஸ்வார்ப், அய்ஸ்லபி, அக்கில்பார்ன்பி என்று உள்நாட்டுக் கிராமங்கள் பலவும் அதில் அடங்கும். ஹாஸ்கரிலிருந்தும் ஸ்டெயின்சேக்கரிலிருந்தும் நடந்து வருபவர், மேட்டுநிலத்தின் வழியே பெரிய ஏற்றம் இல்லாமல் ஆலய வாசலுக்கு வந்துவிடலாம். 199 படி என்பது துறைமுகத்துக்காரரின் கணக்கு. இன்றைய பயணிகளில் பெரும்பாலோர் துறைமுகத்திலிருந்து ஏறுவதால், கோயிலைப் பற்றிய எழுத்தெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்தே எழுதப்படுகிறது. கடலோடிகளுக்கு அடையாளமாக வேண்டும் என்றுதான் உயரத்தில் வைத்தார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. அந்த வேலையை மடத்தின் உயர்ந்த கோயிலே, இடிந்த பிறகும், செய்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஆலயத்தின் கோபுரம் முகட்டோடு முகடாகத் தாழ்ந்து கிடக்கிறது. அடையாளம் காட்டுவது நோக்கமாயிருந்தால் இவ்வளவு குட்டையாகக் கட்டியிருக்க மாட்டார்கள்.

படிகளைப் பற்றி 14ஆம் நூற்றாண்டிலேயே குறிப்பு இருக்கிறது. நெடுங்காலம் மரப்படிகளாக இருந்தவை 1774இல் கல்லாயின. இடையிடையே அகலமான தளங்களை விட்டிருக்கிறார்கள். சவப்பெட்டியைச் சுமப்பவர்கள் இறக்கிவைத்து மூச்சு வாங்குவதற்கு. பக்கத்திலேயே செங்குத்தான கற்பாதை ஒன்று இருந்தும், சவத்தைப் படி வழியே தோளில் சுமந்து போவதைத்தான் பலர் மரியாதையாகக் கருதினார்கள். கோயிலை மேலே பிணைத்து வைத்ததில் இந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் பங்கு உண்டு. முன்னோரைப் புதைத்த மண்ணை விட்டுக் கோயிலை மட்டும் பெயர்த்துக்கொண்டு வருவது எந்த ஊருக்கும் எளிதல்ல, கடலில் ஆளை இழந்துகொண்டே இருக்கும் ஊருக்கு இன்னும் அரிது. 1861 பிப்ரவரி 9 அன்று புயலில் கப்பல் கப்பலாகக் காப்பாற்றப் போன உயிர்காப்புப் படகு கவிழ்ந்து, பதின்மூன்று பேரில் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். தக்கை மேலங்கி அணிந்திருந்த ஹென்றி ஃப்ரீமன் மட்டும் பிழைத்தார். அவர்களின் நினைவுக்கல் ஆலயத்துக்குள் இருக்கிறது. வெளிச்சுவரில் ஹன்ட்ராட்ஸ் தம்பதியின் கல்வெட்டு இருக்கிறது: கணவனும் மனைவியும் 1600 செப்டம்பர் 19 அன்று பிறந்து, தங்கள் பிறந்தநாளிலேயே மணந்து, பன்னிரண்டு பிள்ளைகள் பெற்று, 1680இல் அதே பிறந்தநாளில் சில மணிநேர இடைவெளியில் இறந்தார்களாம்.  ஆனாலும் இறந்தவர்கள் மட்டுமே ஒரு கோயிலைக் காப்பாற்றிவிட மாட்டார்கள். கல்லறைகள் நிறைந்த எத்தனையோ கோயில்கள் கூரையிழந்து நிற்கின்றன.

காப்பாற்றியது எது என்பதற்கான சான்று உள்ளேதான் இருக்கிறது. மக்கள் பகுதியையும் பீடப் பகுதியையும் பிரிக்கும் நார்மன் கல்வளைவின் முன்னால், முறுக்கிய நான்கு மரத்தூண்களின்மேல் சம்லி குடும்பத்தின் இருக்கை மாடம் எழும்பி நிற்கிறது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வேலை. அதில் உட்கார்ந்தவர்கள் பலிபீடத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு, சபையை மேலிருந்து பார்த்தபடி இருப்பார்கள். சபையின் பார்வையிலிருந்து பீடத்தின் பெரும்பகுதியை அந்த மாடம் மறைத்தே விடுகிறது. கோயிலின் நடுநாயகமான இடம் நிலக்கிழாரின் இருக்கை என்பதை இதைவிட வெளிப்படையாகச் சொல்லும் மரவேலை இங்கிலாந்தில் அதிகம் இல்லை. அதைச் சுற்றி மற்றவர்களும் தங்கள் தங்கள் வசதிக்கேற்ப இடம் பிடித்துக்கொண்டார்கள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை மாடங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. தரையெங்கும் உயரமான பலகை அடைத்த பெட்டி இருக்கைகள். பலவற்றில் உள்ளே பச்சைக் கம்பளித் துணி ஒட்டி வசதி செய்திருக்கிறார்கள். சில பெட்டிகளில் வெளியூராருக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறது. விருந்தோம்பல் என்றும் அதைப் படிக்கலாம். மற்றவை எல்லாம் யாரோ ஒருவருக்கு உரியவை, தவறிப்போய் அதில் உட்கார்ந்துவிடாதீர்கள் என்றும் படிக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. 1778இல் வந்த மூன்றடுக்குப் பிரசங்க மேடை இவை எல்லாவற்றுக்கும் நடுவில். அடித்தட்டில் செபங்களுக்குப் பதில் சொல்லும் கோயில் எழுத்தர், நடுத்தட்டில் வழிபாட்டை நடத்தும் குருவானவர், பிரசங்கத்துக்கு அவர் ஏறுவது உச்சித்தட்டு. மேடையோடு இணைத்துச் செவிக்குழல்கள் இருக்கின்றன, காது கேளாத குருவானவர் மனைவிக்காக 19ஆம் நூற்றாண்டில் வைத்தவை. 1819இல் வடபுறத்தை இடித்து அகலப்படுத்தினார்கள். அப்படியும் மாடங்கள் வெளிச்சத்தை மறைத்ததால் தாழ்ந்த கூரையிலேயே கண்ணாடிச் சாளரங்களைத் திறந்துவிட வேண்டியிருந்தது.

இந்த மரவேலைக்கு ஊரில் சொல்லப்படும் விளக்கம் வேறு. கப்பல் தச்சர்கள் கட்டியது, அதனால்தான் கப்பலின் உள்ளறை மாதிரி இருக்கிறது என்பார்கள். கப்பல் கட்டும் ஊரில் தச்சு வேலைக்குக் கப்பல் தச்சன் வந்திருப்பான், அதில் ஐயமில்லை. கூரைச் சாளரங்களைப் பார்த்தால் அந்தக் கையும் தெரியத்தான் செய்கிறது. ஆனால் பெட்டி இருக்கையும் மாடமும் மூன்றடுக்கு மேடையும் கடலையே பார்த்திராத உள்நாட்டுக் கோயில்களிலும் அதே காலத்தில் வந்தவை. பிரசங்கம் கேட்பதே வழிபாட்டின் மையமான காலத்தில், ஒவ்வொரு குடும்பமும் தனக்கென்று ஓர் இடத்தை விரும்பியதால் பிறந்தவை. சட்டப்படி இருக்கைகள் பங்குக்கே உரியவை என்றாலும், நடைமுறையில் அவை வீட்டோடு ஒட்டிய உரிமையாகக் கைமாறின. மாடம் எழுப்பப் பணம் போட்டவர்களுக்கு அதில் இடம் உறுதி. கப்பல் தச்சன் பெட்டியை எப்படிச் செய்தான் என்பதைக் கப்பல் கதை சொல்லலாம். இத்தனை பெட்டிகள் ஏன் தேவைப்பட்டன என்பதை உடைமைதான் சொல்லும்.

அந்தத் தேவைக்குப் பணமும் இருந்தது. 18ஆம் நூற்றாண்டு விட்பி ஏழை மீனவக் குப்பம் அல்ல. நிலக்கரி ஏற்றும் கப்பல்கள், படிக்கார ஆலைகள், 1753இல் தொடங்கிய திமிங்கல வேட்டை எல்லாம் செழித்த காலம். ஜேம்ஸ் குக் 1746இல் கப்பல் தொழில் பழக வந்தது இந்த ஊர்க் கப்பல் முதலாளி ஜான் வாக்கரிடம். பிறகு குக் பசிபிக் சென்ற எண்டெவர், 1764இல் நிலக்கரிக் கப்பலாக விட்பித் துறையில்தான் நீரில் இறங்கியது. இவ்வளவு பணம் இருந்தவர்கள் கீழே வசதியான புதுக் கோயில் ஒன்றைக் கட்டி, மேலே உள்ளதைக் கைவிட்டிருக்கலாமே? மேலே ஏற்கெனவே இடம் வைத்திருந்த குடும்பங்களுக்கு அது சொத்தை இழப்பது. ஆகவே கட்டடத்தை நெருக்கி நெருக்கி இடத்தைக் கூட்டினார்கள். மேலே இடம் கிடைக்காதவர்களும் ஏற விரும்பாதவர்களும் வேறு வழி கண்டார்கள். மூன்றடுக்கு மேடை மேலே வந்த அதே 1778இல், கீழே பேக்ஸ்டர்கேட் தெருவில் பங்குதாரர்கள் சேர்ந்து புனித நினியன் ஆலயத்தைக் கட்டி முடித்தார்கள். அங்கும் இருக்கை என்பது முதலீடுதான். ஊரார் எல்லாருமே ஆங்கிலிக்கன் சபையார் அல்லர் என்பதையும் மறந்துவிடக்கூடாது. குக்கின் முதலாளி வாக்கர் குவேக்கர். மெதடிஸ்ட் போதகர் ஜான் வெஸ்லி இந்த ஊருக்குப் பலமுறை வந்திருக்கிறார், மெதடிஸ்டுகள் ஊரில் வலுவாக வேரூன்றினார்கள். ஊரே திரண்டு ஞாயிறுதோறும் படியேறியது என்ற சித்திரம் அஞ்சலட்டைக்கு நன்றாக இருக்கும், வரலாற்றுக்குப் பொருந்தாது.

இனி இரண்டாவது கேள்வி. 1839இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய கேம்டன் சங்கத்தார், நடுக்கால கோதிக் கட்டடமுறையே தூயது என்று நம்பியவர்கள். பெட்டி இருக்கைகளை அவர்கள் கோயிலுக்குள் நுழைந்த தன்னலமாகவே பார்த்தார்கள். எல்லாருக்கும் பொதுவான திறந்த பெஞ்சுகள் வேண்டும், பீடம் தெளிவாகத் தெரிய வேண்டும், மாடங்கள் ஒழிய வேண்டும் என்ற அவர்கள் குரல் சில பத்தாண்டுகளில் நாடெங்கும் நடைமுறையாகிவிட்டது. நியாயமாகச் சொன்னால், அவர்கள் விமர்சனம் விட்பியைப் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது. சம்லி மாடத்தைவிட அவர்கள் வாதத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. அப்படியிருந்தும் அது நிற்கிறது. ஊர் ஏழ்மையில் கிடந்ததால் மாற்றமுடியாமல் போயிற்று என்பது ஒரு விடை. அது பொருந்தாது. 1836இல், இங்கிலாந்தின் பெரும்பாலான சிற்றூர்களுக்கு முன்பே, விட்பிக்கும் பிக்கரிங்குக்கும் இடையே பொறியாளர் ஸ்டீவன்சன் அமைத்த இரயில் பாதை வந்துவிட்டது. குதிரை இழுத்த பெட்டிகள்தான், ஆனாலும் பாதை. இரயில் முதலாளி ஜார்ஜ் ஹட்சன் மேற்குப் பாறையை ஓய்வூர் ஆக்கத் தொடங்கினார். விக்டோரியா அரசி துக்க உடை அணிந்த காலத்தில் விட்பியின் கருநிறக் கல்லான ஜெட்டில் செய்த நகைகளுக்குக் கிராக்கி ஏறியது. ஊராருக்குப் பழமைப்பற்று அதிகம் என்பது மற்றொரு விடை. அதுவும் நிற்காது. 1850 வாக்கில் கீழே புனித யோவான் ஆலயம் புதிய கோதிக் பாணியில் எழுந்தது. 1880களில் ஜார்ஜ் ஆஸ்டன் குருவாக இருந்தபோது மேற்குப் பாறையில் புனித ஹில்டா ஆலயம் ஒரு பேராலயத்துக்குரிய அளவில் எழுந்தது. கேம்டன் சங்கத்தார் விரும்பிய கோதிக் பாணி அந்த இரண்டிலும் இருந்தது. பணமும் ஆர்வமும் ஆற்றைக் கடந்து போய்விட்டன. சீர்திருத்தக்காரர் வெல்லாமல் போகவில்லை. வேறோர் இடத்தில் வென்றார், பழைய இடத்துக்குத் திரும்பி வர அவருக்குத் தேவை ஏற்படவில்லை.

இப்படிச் சொன்னால் ஒரு வலுவான மறுப்பு எழும். கவனிக்காமல் விட்டால் எதுவும் தானாகப் பிழைக்குமா? பக்கத்திலேயே கிடக்கும் மடத்துக் கோயிலைப் பாருங்கள் என்பார்கள். அதையும் யாரும் திருத்தியமைக்கவில்லை. 1762இல் அதன் நடுப்பகுதி சரிந்தது, 1830இல் மையக் கோபுரம் விழுந்தது. 1914 டிசம்பரில் ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் சுட்டதில் மிச்சமும் அடிபட்டது. ஒரே முகடு, ஒரே காற்று, இருந்தும் ஒன்று இடிபாடு, மற்றொன்று முழுதாக நிற்கிறது. இந்த மறுப்பு என் வாதத்தைக் குலைக்கவில்லை, கூர்மையாக்குகிறது. மடத்துக் கோயிலுக்கு 1539க்குப் பின் ஓர் உடைமையாளர் மட்டுமே. அவருக்கு அந்தக் கூரையால் பயன் இல்லை. பங்குக் கோயிலுக்கோ நூற்றுக்கணக்கான இருக்கைக்காரர்கள். மழை ஒழுகினால் நனைவது அவர்களின் பச்சைத் துணி. அதோடு சட்டமும் துணை நின்றது. பங்கிலுள்ள சொத்துக்காரர் எல்லாரும், குவேக்கரும் மெதடிஸ்டும் உட்பட, கோயில் பராமரிப்புக்கு வரி கட்ட வேண்டியிருந்தது. அந்தக் கட்டாய வரி நீங்கியது 1868இல்தான். மேலே ஏறவே ஏறாதவர் பணமும் அந்தக் கூரையில் இருக்கிறது என்பது விட்பிப் பக்திக் கதைகளில் இடம்பெறாத செய்தி. கட்டாய வரி நின்ற சில ஆண்டுகளில், 1877இல், வில்லியம் மாரிஸும் நண்பர்களும் பழங்கட்டடங்களைத் திருத்தாமல் செப்பனிட வேண்டும் என்று சங்கம் அமைத்தார்கள். மெல்ல மெல்லப் பொதுக்கருத்தும் அந்தப் பக்கம் சாய்ந்தது. 20ஆம் நூற்றாண்டில் கை வைக்க வந்தவர்கள் மரத்தைப் பிடுங்க வரவில்லை, தாங்கிப் பிடிக்க வந்தார்கள். 1769ஆம் ஆண்டின் பித்தளைச் சரவிளக்கு இன்றும் அங்கே தொங்குகிறது.

ஊர் இந்தக் குன்றை நேசிக்கத் தொடங்கியது இவ்வளவுக்கும் பிறகு. பிராம் ஸ்டோக்கர் 1890இல் விட்பியில் தங்கி, 1897இல் வந்த தம் டிராகுலா நாவலின் முக்கியக் காட்சிகளை இந்தக் கல்லறைத் தோட்டத்தில் வைத்தார். அடுத்த ஆண்டே படிகளின் உச்சியில் கேட்மனுக்குக் கற்சிலுவை நட்டார்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் பொறுத்திருந்த கவிஞருக்கு நினைவுச்சின்னம் வந்தது, இரயிலில் வந்த பயணிகள் பார்க்க ஏதாவது வேண்டியிருந்த காலத்தில் என்பது தற்செயல் ஆகாது. டிராகுலாவின் கல்லறை எங்கே என்று கேட்டு வருபவர்கள் தொல்லை தாங்காமல், அப்படி ஒன்று இல்லை என்று ஆலயத்தார் எழுதிவைக்கும் அளவுக்கு அந்த நாவல் போய்விட்டது. பயணிகளின் பார்வையில் இது எப்போதுமே நேசிக்கப்பட்ட கோயில். அந்தப் பார்வையைப் பின்னோக்கி நீட்டித்து வரலாறாக்கியதில்தான் பக்தி விளக்கம் பிறந்தது.

இன்றைக்கு அந்த நேசம் எவ்வளவு தாங்கும் என்பதைப் பாறையே சோதிக்கிறது. முகட்டின் அடியில் அடுக்கடுக்காக உதிரும் கருங்களிப்பாறை, மேலே மணற்கல். கீழ்ப்பகுதியைக் கடல் அரிக்க, மேற்பகுதியில் மழைநீர் ஊறிச் சரிகிறது. 1787இல் ஆலயத்துக்குக் கீழேயிருந்த ஹென்ரியெட்டா தெருவில் பெரும் சரிவு வீடுகளைக் கொண்டுபோயிற்று. 2012, 2013 ஆண்டுகளின் சரிவுகளில் கல்லறைத் தோட்டத்தின் ஓரம் பிளந்து மனித எலும்புகள் கீழே விழுந்தன. ஆலயத்தார் அவற்றைத் திரட்டி மறுபடி அடக்கம் செய்தார்கள். கனமழையும் பழுதான பழைய வடிகாலும் சேர்ந்ததே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. வடிகாலைச் சீர்படுத்துவதும் சரிவைப் பிடித்துவைப்பதும் பிரசங்க மேடையைத் துடைத்து வைப்பது போன்ற வேலை அல்ல, ஒரு சிறு பங்கின் காணிக்கைப் பெட்டி தாங்கக்கூடியதும் அல்ல. இருக்கைக்காரர்கள் இருந்தவரை தங்கள் இருக்கைக்காகச் செலவழித்தார்கள், வரி இருந்தவரை ஏறாதவரும் செலவழித்தார். படியேறி வந்து படம் பிடித்துப் போகும் இன்றைய கூட்டத்துக்கு அங்கே சொந்தமாக ஒரு பெட்டியும் இல்லை, கட்ட வேண்டிய வரியும் இல்லை. அவர்களால் வாழும் ஊர்ச் சுற்றுலாத் தொழில், தன் வருமானத்தில் எவ்வளவைப் பாறைக்குத் திருப்பிக் கொடுக்கும் என்பதை விட்பி இனித்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.